கம்பத்தில் கட்டிய பட்டம்

வலயக் கல்விக் கந்தோரிலிருந்து வந்த சுற்றுநிருபம் நான்கு பக்கம். முதல் மூன்று பக்கமும் நோக்கங்கள். நாலாம் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது: இரண்டு பாடசாலைப் பிள்ளைகள் ஒருநாள் ஒன்றாகக் கூடித் தங்கள் கையால் எதையாவது செய்ய வேண்டும், செய்ததை ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும், பதாகை தெரியத்தக்கதாக இருபது படம் எடுத்து அனுப்ப வேண்டும். பெயர் ‘மாணவர் பண்பாட்டுக் கூடல்’. பிள்ளைகளுக்கு என்னென்ன பொருள் தருவார்கள் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதாகை மட்டும் தருவார்களாம்.

எனக்குக் கோபம் கெதியாக, சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நடந்த பிழைக்கு அதுவும் ஒரு காரணம்.

என் ஊர் வங்காலை. பெயர் றெபேக்கா. பேசாலைக்கு அங்கால் இருக்கிற அந்தோனியார்துறை என்ற சின்னக் கரையின் பாடசாலைக்கு மாற்றம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அறுபத்து மூன்று பிள்ளைகள், ஐந்து ஆசிரியர்கள், ஒரு கிணறு, அதிலும் உப்புத் தண்ணீர். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வருவேன். சனி ஞாயிறு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை. வீட்டில் பிள்ளை குட்டி இல்லாதபடியால் எனக்கு நேரம் நிறைய இருக்குமாம். அதனால் கூடலைப் பாடசாலை அதிபர் என் தலையில் கட்டினார்.

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு முஸ்லிம் பாடசாலை வருவதென்று முடிவாகியது. அவர்களுடைய ஆசிரியர் வஸீர் தொலைபேசியில் கேட்டார், “டீச்சர், பட்டம் கட்டுவமா? எங்கட பிள்ளையளும் கட்டட்டும், உங்கட பிள்ளையளும் கட்டட்டும். சோளகக் காத்து நல்லா அடிக்குது.” எனக்கும் அது சரியாகப் பட்டது. நடனம், நாடகம் என்றால் ஆறு வாரம் பழக்க வேண்டும். பட்டத்துக்குத் தென்னை ஈர்க்கு, கடதாசி, நூல் போதும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று எனக்கு இருந்தது. பட்டம் என்றால் ஓடத் தேவையில்லை. றொசானாவும் சேரலாம்.

றொசானா ஆறாம் வகுப்பு. ஒல்லிப் பிள்ளை, இரட்டைப் பின்னல், ஜன்னலோரத்து வாங்கு. நான் வந்த முதல் மாதம் விளையாட்டுப் போட்டிக்குப் பழக்கம் நடந்தபோது அவள் மரத்தடியில் இருந்தாள். “என்ன, மகாராணி ஓடமாட்டாவோ?” என்று எழுப்பி ஓடவிட்டேன். இருபது அடி ஓடியவுடன் குந்திவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அடுத்தநாள் அவளுடைய தாய் கிறேஸ் வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நானும் தயாராக நின்றேன். அவள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், சத்தம் போடாமல் சொன்னாள்.

“டீச்சர், அவளுக்கு இதயத்தில பிழை. பிறக்கேக்கையே இருந்தது, எங்களுக்குப் பிந்தித்தான் தெரிஞ்சது. கொழும்பு ஆஸ்பத்திரியில பேர் குடுத்திருக்கு. ஒப்பரேசனுக்குத் திகதி வரேல்லை. செய்தாலும் அரைவாசி நம்பிக்கைதான் எண்டு டொக்டர் சொன்னவர்.”

“பிள்ளைக்குத் தெரியுமோ?”

“தெரியாது. முட்டு வருத்தம், மூச்சு இழுக்கிற வருத்தம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறம். ஊருக்கெல்லாம் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம். நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சா அவள் பயத்திலயே போயிடுவாள்.”

அன்று கிறேஸுடைய கையைப் பிடித்து, என் வாயால் அது வெளியே வராது என்று சத்தியம் செய்தேன். பிறகு ஒருநாள் றொசானாவே என்னிடம் கேட்டாள், “டீச்சர், முட்டு வந்தா ஆக்கள் சாவினமோ?” என்று. “விசரி, முட்டுக்கு ஆரும் செத்ததுண்டோ? என்ர மாமி அறுவது வருசமா முட்டோட திரியிறா,” என்றேன். அவள் நம்பிச் சிரித்தாள். பொய் சொன்னது எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. ஊரே சேர்ந்து காத்துவந்த பொய்யில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்ததென்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் கூடல். கணவாய் மீன் பட்ட காலம். துறையில் இருந்த பதினொரு பைபர் வள்ளமும் விடியவே போய்விட்டன. றொசானாவின் தகப்பன் டொமினிக்கும் போய்விட்டான். கரையில் இழுத்துப் போட்டிருந்த பழைய வள்ளம் ஒன்றுதான் மிச்சம், அதற்கு இயந்திரமும் இல்லை.

தாராபுரத்துப் பிள்ளைகள் முப்பது பேர் ஒன்பது மணிக்கு வந்து இறங்கினார்கள்; எங்கள் பக்கத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர். பதாகையைக் கட்டினோம், காற்று பிய்த்தது, திரும்பக் கட்டினோம். அதிலிருந்து ஒரு நிமிடம்கூட எனக்கு மூச்சுவிட நேரமில்லை. டீச்சர் இவன் ஈர்க்கை முறிச்சுப்போட்டான். டீச்சர் பசை காணாது. டீச்சர் இது இப்பிடிக் கட்டுறேல்லை. டீச்சர் அவவுக்கு ரெண்டு கடதாசி, எனக்கு ஒண்டு. வஸீர் ஒருவர்தான் பொறுமையாக மேசை மேசையாகப் போய், நடு ஈர்க்கை எங்கே கட்ட வேண்டும், வால் எவ்வளவு நீளம் வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். நுஸ்ரியா என்ற வாயாடிப் பிள்ளை ஒன்று அவர்களோடு வந்திருந்தது. வந்து அரைமணித்தியாலத்துக்குள் றொசானாவுக்குப் பக்கத்தில் இருந்து அவளுடைய முழுக் குடும்பக் கதையையும் கேட்டு முடித்துவிட்டது.

நிறக் கடதாசி மேசைக்கு எல்லாப் பிள்ளைகளும் விழுந்தடித்து ஓடினார்கள். றொசானா நடந்து போய்ச் சேர்ந்தபோது மேசையில் ஒன்றும் இல்லை. அவள் திரும்பி வந்து, கட்டி முடித்த ஈர்க்குக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மாடுகள் மாதிரி ஓடி எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு வந்திட்டியள். ஒருத்தருக்கும் அவளின்ர ஞாபகம் வரேல்லையோ?”

ஏசிவிட்டு விறுவிறென்று பாடசாலைக் கந்தோர் அறைக்குள் போனேன். டெங்கு ஒழிப்புச் சிரமதானத்துக்கு வாங்கிய குப்பைப் பை உருளையில் பாதி மிச்சமிருந்தது. புதுப் பை, கறுப்பு, பெரிது, காற்றுக்குக் கிழியாது. கொண்டுவந்து றொசானாவின் மடியில் போட்டேன். நுஸ்ரியா ஒரு பக்கம் பிடிக்க, அவள் வெட்டி ஒட்டினாள். நாலு அடிப் பட்டம். வாலும் கறுப்பு. பட்டம் கிட்டத்தட்ட அவளுடைய உயரம் இருந்தது.

கடற்கரைக்குப் போனோம். சோளகம் முதுகுப் பக்கமாக அடித்துக் கடலுக்கு மேலே தள்ளியது. கடதாசிப் பட்டங்கள் ஒவ்வொன்றாகக் கிழிந்து விழுந்தன. நுஸ்ரியாவின் சிவப்புப் பட்டம் கொஞ்ச நேரம் நின்று பிடித்து, கடைசியில் வள்ளத்தின் மேல் போய்க் குத்தியது. றொசானாவின் பட்டம் மட்டும் மேலே மேலே போனது. எழுபது பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்துக் கத்தினார்கள். எந்தப் போட்டியிலும் பெயர் கொடுக்காத பிள்ளை. அன்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அப்போது அவளுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பதாகையை மறந்து அந்த முகத்தை மூன்று படம் எடுத்தேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். அவளுடைய தோள் ஏறி இறங்குவதைக் கண்டேன். நூல் இழுக்கிற இழுவைக்கு அந்தக் கை காணாது. உதட்டோரம் நீலம் தொடங்கியிருந்தது. “தா பிள்ளை, நான் பிடிக்கிறன்,” என்றேன்.

“வேண்டாம் டீச்சர். நீங்கள் பிடிச்சா உங்கட பட்டமெல்லோ.”

அந்தோனியார் சிலை வைத்த சுரூபக் கூட்டுக்குப் பக்கத்தில், வெள்ளை பூசிய உயரமான இரும்புக் கம்பம் ஒன்று நிற்கிறது. திருநாளுக்குக் கொடி ஏற்றுகிற கம்பம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதில் நூலைக் கட்டிவிட்டு, அடியில் அவளைக் கூட்டின் நிழலில் இருத்தி, நூலில் கையை வைத்திருக்கச் சொல்லலாம். களைப்பும் இராது, பட்டமும் அவளுடையதாகவே இருக்கும். நல்ல யோசனை வந்ததென்று என்னை நானே மெச்சிக்கொண்டு நூலைச் சுற்றத் தொடங்கினேன். ஏழாம் வகுப்பு அனிற்றா ஓடிவந்தாள்.

“டீச்சர், அந்தக் கம்பத்தில கறுப்புக் கட்டுறேல்லை.”

“கட்டுறேல்லை, தொடுறேல்லை, ஒட்டுறேல்லை. காலமை தொடக்கம் இதுதான் பாட்டு. கம்பம் என்ன, உன்ர சீதனமோ? போய்ப் பணிஸ் குடுக்கிற இடத்தில வரிசையில நில்.”

அனிற்றா வாயை மூடிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். அந்தப் பிள்ளையின் முகம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு தரம் திரும்பிப் பார்த்தது. ஏசின டீச்சரிடம் இரண்டாம் முறை எந்தப் பிள்ளை சொல்லும்?

பிள்ளைகள் பணிஸ் தின்று முடிந்து, பதாகைக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டிருந்தபோது வஸீர் கடலைக் காட்டிக் கேட்டார்.

“டீச்சர், இந்த நேரத்துக்கு வள்ளங்கள் வாறதோ?”

பதினொரு மணி. கணவாய்க்குப் போனவர்கள் மூன்று மணிக்கு முன்னால் வருவதில்லை. நான் எண்ணினேன். நான்கு. பிறகு ஆறு. எல்லாம் முகப்பைக் கரைக்குத் திருப்பி வந்துகொண்டிருந்தன. எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. றொசானா கம்பத்தடியில் எழுந்து நின்று கையைத் தட்டினாள்.

“டீச்சர், என்ர பட்டத்தைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகினம்!”

கோயிலைப் பார்க்கிற பேதுரு, ஊருக்குள் போகிற ஒழுங்கை வழியாக ஓடிவந்தார். எழுபது தாண்டிய மனிதர், சேட்டுக்குப் பொத்தானும் போடவில்லை. “ஆர்? ஆர் செத்தது?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். வாய் என்னைக் கேட்டது. கண் நேரே போனது றொசானாவிடம். அவள் நிற்கிறாள் என்று கண்ட பிறகுதான் சிலுவை போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு கம்பத்தைப் பார்த்தார், நூல் போகிற வழியே பட்டத்தைப் பார்த்தார்.

“ஐயோ டீச்சர். என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்?”

பிள்ளைகளுக்குக் கேட்காத தூரத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார். ஊரில் சாவு விழுந்தால் அந்தக் கம்பத்தில் கறுப்புச் சீலை ஏற்றுவார்கள். கடலில் நிற்கிறவர்கள் அதைக் கண்டால் தொழிலைப் போட்டபடி போட்டுவிட்டுக் கரைக்கு வர வேண்டும். கோயில் கோபுரமும் அந்தக் கம்பமும் ஒரே நேராக வருவதை வைத்துத்தான் கடலடியில் கற்பாறை எங்கே இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பார்கள். அதனால் அவர்கள் கண் எந்த நேரமும் அதில் இருக்கும். கடலிலிருந்து பார்த்தால் பட்டமும் கம்பத்துக்கு மேல் ஏற்றிய கறுப்பாகத்தான் தெரியும். நான் வந்த பிறகு ஊரில் இரண்டு சாவு. இரண்டும் சனி ஞாயிறு. நான் வங்காலையில் வீட்டில் இருந்தேன். எங்கள் ஊரில் மணி அடிப்பார்கள், கொடி கிடையாது. இருபது மைல் இடைவெளியில் சாவுக்கு வேறு அடையாளம் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னது? அனிற்றா சொன்னாள்.

ஓடிப்போய் பசை மேசைக் கத்தரிக்கோலால் நூலை வெட்டினேன். பட்டம் தள்ளாடித் தள்ளாடித் தூரத்தில் தண்ணீரில் விழுந்தது. றொசானா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி நொந்திருக்காது.

“ஏன் டீச்சர் அறுத்தனீங்கள்? இழுத்து இறக்கியிருக்கலாமே.”

“கடலுக்கு மேல பட்டம் விட்டா நேவிக்காரர் ஏசுவினம், பிள்ளை,” என்றேன். அந்த நேரத்திலும் பொய் மட்டும் தயக்கமில்லாமல் வந்தது.

பேதுரு தலையில் கை வைத்தார். “இறக்கிப்போட்டியளே! இறக்கினா சவப்பெட்டி தூக்கப் போறம் எண்டு அர்த்தம். இனித்தான் வள்ளத்தை விரட்டி ஓட்டப் போறாங்கள்.” அவர் சொல்லி வாய் மூடுமுன் இயந்திரங்களின் சத்தம் கூடியது. எனக்கே கேட்டது.

வஸீர் தொலைபேசியை எடுத்தார். பேதுரு சொன்ன நம்பர்களை ஒவ்வொன்றாக அடித்தார். ஒன்றும் போகவில்லை. அந்தக் கடலில் போன் இந்தியத் தொலைபேசிக் கோபுரத்தைப் பிடித்துக் காசை விழுங்கும் என்று எல்லாரும் நிறுத்திப் பொலித்தீனில் சுற்றி வைத்திருப்பார்கள். மணியை அடியுங்கோ என்றேன். “இந்த நேரத்தில மணி கேட்டா வேற என்னெண்டு நினைப்பாங்கள்?” என்றார் பேதுரு. பிள்ளைகளைக் கரையில் வரிசையாக நிறுத்திக் கையாட்டச் சொன்னேன். எழுபது பிள்ளைகளும் ஓடிப்போய் நின்று இரண்டு கையாலும் ஆட்டினார்கள். பேதுரு பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார். “டீச்சர், எல்லாம் வெள்ளை உடுப்பு. கடலில இருந்து பார்த்தா செத்தவீட்டுச் சனம்.”

பிள்ளைகளைத் திருப்பி அழைத்தேன். அந்தக் கரையில் சாவைச் சொல்லக் கொடி இருந்தது, மணி இருந்தது, வெள்ளை உடுப்பு இருந்தது. ஒருவரும் சாகவில்லை என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

பேதுரு முதலில் யாரைத் தேடினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலில் வருகிற ஒவ்வொருவனும் இப்போது யாரை நினைத்துக்கொண்டு வருகிறான் என்றும் விளங்கியது. என்ன செய்யலாம்? றொசானாவை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போனால் அவள் ஒன்றையும் காணமாட்டாள். ஆனால் டொமினிக் வந்து இறங்கி அவளைக் காணாவிட்டால் அவனுடைய நெஞ்சு வெடிக்கும். கரையில் நிறுத்தினால் அவன் உடனே காண்பான்; அவளும் எல்லாவற்றையும் காண்பாள். பாடசாலைக்குக் கூட்டிப்போவதற்கும் அவளால் ஓட முடியாது, தூக்கிக்கொண்டு ஓட எனக்கும் வயது இல்லை. வஸீரைப் பார்த்தேன். “அல்லாஹ்தான் பார்க்கோணும் டீச்சர்,” என்றார்.

கடைசியில் அவளைத் தூக்கி அந்தப் பழைய வள்ளத்தின் மேல் நிறுத்தினேன். எல்லாரும் காணட்டும், உயிரோடு நிற்கிறாள் என்று காணட்டும் என்று நினைத்தேன். அவள் பட்டம் போன கவலையை மறந்து கையாட்டினாள். “அப்பாவின்ர வள்ளம் கடைசியில வருது டீச்சர். தூரத்துக்குப் போனவர் போல.”

முதல் வள்ளம் மணலில் ஏறியது. நங்கூரம் போடவில்லை, இயந்திரத்தைத் தூக்கக்கூட இல்லை. மூன்று பேர் குதித்தார்கள். “ஒண்டுமில்லை! பிள்ளையள் கட்டின பட்டம்!” என்று நான் கத்தினேன். இயந்திரங்களின் இரைச்சலில் என் சத்தம் எடுபடவில்லை. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, வள்ளத்தின் மேல் நின்றவளையும் பார்க்கவில்லை. ஒழுங்கையை மட்டும் பார்த்து ஓடினார்கள். இரண்டாவது வள்ளம் வந்தது. மூன்றாவது, நாலாவது, ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும். இடுப்பில் நனைந்த சாரத்தோடு, வெறும் மேலோடு, கணவாய் மை பட்ட கையோடு ஆண்கள் எங்களைத் தாண்டி ஓடினார்கள். பேதுரு குறுக்கே நின்று மறித்தார். அவரையும் தள்ளிவிட்டுப் போனார்கள். ஒழுங்கையின் முதல் பிரிவில் அனிற்றாவின் தகப்பனுடைய வீடு. அவன் தன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அடுத்தது சவேரி என்ற ஒருவனுடைய வீடு, அவனும் திரும்பவில்லை. இருபது பேரும் நேரே போனார்கள். ஒழுங்கையின் முடிவில் ஒரே ஒரு வீடுதான், நீலப் படலை போட்ட வீடு.

றொசானா ஆட்டிய கையை இறக்கினாள்.

கிறேஸை நான் நினைக்கவே இல்லை. ஒருவரை அனுப்பிச் சொல்லியிருக்கலாம். அந்த அறிவும் எனக்கு வரவில்லை. உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றவள், இருபது ஆண்கள் கடலில் இருந்து நேரே தன் படலைக்குள் ஓடிவருவதைக் கண்டிருக்கிறாள். அவர்களில் டொமினிக் இல்லை. அவள் வைத்த ஓலம் கரை வரை கேட்டது. ஓடிப்போன ஆண்களுக்கு அந்த ஓலமே போதுமாக இருந்தது. அவர்களும் அழத் தொடங்கினார்கள். பெண் புருஷனுக்காக அழ, வந்தவர்கள் பிள்ளைக்காக அழ, யாரும் யாரையும் கேட்கவில்லை.

டொமினிக்கின் வள்ளம் அப்போதுதான் கரைக்கு வந்தது. வரும்போதே அவன் முகப்பில் எழுந்து நின்றான். ஓலம் அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் குதித்து, விழுந்து, எழும்பி, “என்ர பிள்ளை, என்ர பிள்ளை” என்று மூச்சு முட்டச் சொல்லிக்கொண்டே ஓடிவந்தான். அவள் நின்ற பழைய வள்ளத்தில் கை ஊன்றித் தாண்டினான். அவனுடைய தோள் றொசானாவின் சட்டையில் உரசியது. அவளைக் காணாமல் ஓடினான்.

“அப்பா!” என்றாள்.

அவன் நின்றான். திரும்புவதற்கு நேரம் எடுத்தது. திரும்பிப் பார்த்தவன் அப்படியே மணலில் இருந்துவிட்டான். அவள் வள்ளத்திலிருந்து மெல்ல இறங்கி அவனிடம் போனாள். அவன் அவளுடைய இரண்டு காலையும் கட்டிப்பிடித்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். சந்தோஷத்தில் அழுகிற அழுகை அப்படி இராது. இத்தனை காலமாக அடக்கி வைத்திருந்தது முழுக்க வந்துகொண்டிருந்தது. நிறுத்த அவனாலும் முடியவில்லை, பார்த்துக்கொண்டு நின்ற எங்களாலும் முடியவில்லை.

பேதுரு போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒழுங்கையால் எல்லாரும் திரும்பி வந்தார்கள். கிறேஸ் முன்னால் வந்தாள். புருஷனைக் கண்டாள், பிள்ளையைக் கண்டாள், பிறகு என்னைக் கண்டாள். ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். அவள் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஆண்கள் சுற்றி நின்றார்கள். சிலர் றொசானாவின் தலையைத் தடவினார்கள். சவேரி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான். தாராபுரத்துப் பிள்ளைகளை வஸீர் சத்தமில்லாமல் பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நுஸ்ரியா மட்டும் போகமாட்டேன் என்று நின்று, பிறகு போனாள்.

றொசானா எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, கணக்கில் அவளுக்கு எப்போதும் எண்பதுக்கு மேல்தான்.

“டீச்சர்,” என்றாள். “பட்டம்தானே எண்டு இருந்திட்டன். கறுப்பு ஏத்தினா ஆரோ செத்திட்டினம் எண்டுதானே?”

“ஓம் பிள்ளை. அது பிழையா விளங்கிப்போட்டுது. நான் கட்டினது பிழை.”

“அனிற்றாவின்ர அம்மம்மா படுத்த படுக்கை. பேதுரு அப்புவுக்கும் வயசு போட்டுது. எல்லாற்ற வீட்டிலயும் ஆக்கள் இருக்கினம்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “பின்ன ஏன் எல்லாரும் எங்கட வீட்டை ஓடினவை?”

இருபது ஆண்கள் நின்றார்கள். கடலில் எதற்கும் அஞ்சாதவர்கள். ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. டொமினிக் அவளுடைய காலை விட்டுவிட்டு மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேதுரு தன் சேட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினார்.

அவள் தகப்பனைக் கேட்கவில்லை. தாயையும் கேட்கவில்லை. என்னிடம்தான் வந்தாள். வெட்டிய நூலின் மிச்சம் இன்னும் அவளுடைய விரலில் சுற்றியிருந்தது.

“முட்டுக்கு ஆரும் சாகிறேல்லை எண்டு நீங்கள்தானே டீச்சர் சொன்னனீங்கள்?”

ஓம் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். கிறேஸ் சீலைத் தலைப்புக்கு மேலால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், சொல்லு சொல்லு என்று. நான் வாயைத் திறந்தேன். பொய் வரவில்லை, அழுகைதான் வந்தது. நான் அழுவதை றொசானா பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, “சரி டீச்சர்,” என்றாள்.